நடு நாற்காலி அம்மையார்

பதினோரு நாட்களுக்கு முன்பு, செவ்வாய்க்கிழமை மாலை நாலே கால் மணிக்கு, நம் கடைவீதியின் மொழிபெயர்ப்பாளர் அம்மையார் குழந்தைகளுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோதே, உட்கார்ந்த நிலையில் இறந்துபோனார். அறையில் இருபத்திரண்டு குழந்தைகள் இருந்தார்கள். அதில் மூத்த குழந்தைக்கு வயது ஏழு.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். படியில் வழுக்கி விழுந்தார் என்றும், கடைசி நேரத்தில் பக்கத்தில் யாருமே இல்லை என்றும் வெளியே பேச்சு நடக்கிறது. இரண்டும் பொய். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பேசத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வார். பெரியவர்கள் முறைத்துப் பார்த்தால் குழந்தைக்கு வாய் கட்டிக்கொள்ளும், காது திறந்திருந்தால் போதும் என்பார். அன்றும் கண்ணை மூடினார். குழந்தைகள் ஒவ்வொருவராக எழுந்து, பழக்கடையில் பழம் வாங்குவது எப்படி என்று ஸ்பானிஷ் மொழியில் பேசினார்கள். பத்து நிமிடம் பேசியிருக்கிறார்கள். ஒன்பதாவதாக எழுந்த சிறுமிக்குத்தான் ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. படியிறங்கி நேரே கீழே என் கடைக்கு வந்தாள். பொத்தான் மூட்டைகளுக்கு நடுவில் நின்று என்னிடம் சொன்னாள்:

"அங்கிள், டீச்சர் இன்னைக்கு யாரோட தப்பையும் திருத்தவே மாட்டேங்கிறாங்க."

அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு வணக்கம் சொல்லவே நா எழுகிறது.

மேடையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே! நேற்றுதான் ஊரிலிருந்து இரண்டாவது முறையாக வந்திருக்கும் அம்மையாரின் தம்பி அவர்களே! கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் அண்ணன்மாரே, தம்பிமாரே! பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கால் தரையைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும் இருபத்திரண்டு பேரே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பேச்சாளன் இல்லை. பொத்தான் வியாபாரி. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தோளில் பை மாட்டி, தையல் கடை தையல் கடையாக ஏறி இறங்கி விற்றவன். என்னைப் பேசச் சொன்னபோது தலைவரிடம் கேட்டேன், "என்னங்க, படிச்சவங்க யாரும் கிடைக்கலையா?" என்று. அவர் சொன்னார், "அந்தம்மாகிட்ட அதிகமா திட்டு வாங்குனது நீங்கதான், அதனால நீங்கதான் பேசணும்" என்று. சரிதான். தகுதி எனக்கு இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. அவர் வகுப்பு நடத்திய மாடி அறை அவருடைய சொந்த அறை. இப்போது அது தம்பிக்குச் சேர்ந்தது. பதினோரு நாட்களாக வகுப்பில்லாமல் கிடக்கிறது. அது இனி வகுப்பறையா, சரக்கறையா? உங்களில் பாதிப் பேர் இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள், மீதிப் பாதி இதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறீர்கள். எனக்குத் தெரியாதா? சொல்கிறேன். அதற்கு முன் அம்மையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைச் சொல்லாமல் அறையைச் சொல்ல முடியாது.

அவரை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்? நடு நாற்காலி! ஏன்? வெளிநாட்டுக்காரர்கள் சரக்கு வாங்க வந்தால் அவர்கள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம், அம்மையார் மேஜையின் நடுவில். நாற்காலியை அவர் யார் பக்கமும் ஒரு விரற்கடை நகர்த்த மாட்டார். ஒருமுறை ஜிப் கடை அண்ணன் தன் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டார். அம்மையார் எழுந்து, நாற்காலியைத் தூக்கி நடுவில் வைத்து, பிறகுதான் உட்கார்ந்தார். அண்ணன் சிரிக்கிறார் பாருங்கள். சிரித்துக்கொள்ளுங்கள், அண்ணே. உங்கள் கதையை இன்னும் நான் சொல்லவே இல்லை.

நம் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எதிராளிக்கு நம் மொழி தெரியாது என்ற தைரியத்தில், அவர் எதிரிலேயே நாம் நமக்குள் பேசிக்கொள்வோம். "இதுக்குக் கீழ இறங்காதே", "ஆள் அவசரத்துல இருக்கான், பிடி" என்று. அதற்கு உள்பேச்சு என்று பெயர். எதிராளியும் அவர் மொழியில் அதையேதான் செய்கிறார். நடுவில் இருக்கிற ஒரே ஒருவருக்குத்தான் இரண்டும் புரியும். நம் கண்ணெல்லாம் யார் மேல் இருக்கும்? அவர் வாய் மேல்!

அம்மையார் வந்த முதல் நாளே சட்டம் போட்டார். "எதிராளியைப் பார்த்துச் சொன்னதை மட்டும்தான் மொழிபெயர்ப்பேன். உள்பேச்சு என் காதில் விழும். வாயில் வராது." நான் சும்மா விடுவேனா? ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னேன்:

"அம்மா, அவங்க உள்பேச்சை மட்டும் எனக்குச் சொல்லுங்க. சம்பளம் ரெட்டிப்பு."

"நாளைக்கு அவங்க உங்க உள்பேச்சைக் கேப்பாங்க. அவங்ககிட்டயும் ரெட்டிப்பு வாங்கிக்கவா?"

வாயை மூடிக்கொண்டேன். ஜிப் கடை அண்ணன் மூடவில்லை. ஒருநாள் பேரம் நடக்கும்போது தன் கூடப்பிறந்த தம்பியிடம் உள்பேச்சாகச் சொல்கிறார்: "இந்தம்மா அவனுங்க ஆளுடா." நம் மொழியில் சொல்கிறார்! அம்மையார் பிறந்ததிலிருந்து பேசுகிற மொழியில் சொல்கிறார்! அம்மையார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பேரம் முடிந்தது, கைகுலுக்கினார்கள், வந்தவர்கள் போனார்கள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "ஐயா, என்னைப் பத்திச் சொன்னீங்களே, அது எனக்குச் சொன்னதா, உள்பேச்சா? எனக்குச் சொன்னதுன்னா பதில் சொல்லணும், அதான்."

அண்ணன் அதற்குப் பிறகு மூன்று மாதம் அம்மையாரைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விடுவார்!

இவ்வளவு நேர்மை அவருக்கு எங்கிருந்து வந்தது? இவ்வளவு சரளம் எங்கிருந்து வந்தது? அவர் நாலு வயதாக இருந்தபோது, குடியிருந்த வீட்டு மாடிக்கு ஸ்பானிஷ் பேசுகிற ஒரு குடும்பம் குடிவந்தது. அங்கே அதே வயதில் ஒரு பெண் குழந்தை. இரண்டும் விளையாடின, சண்டை போட்டன, ஒன்றின் தலைமுடியை ஒன்று பிடித்து இழுத்தன. யாரும் பாடம் நடத்தவில்லை. ஒரு வருடத்தில் கீழ்வீட்டுக் குழந்தை ஸ்பானிஷ் மொழியில் பொய் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டது. பொய் சொல்லத் தெரிந்தால் மொழி வந்துவிட்டது என்று அர்த்தம் என்பார் அம்மையார்.

ஆறு வருடம் கழித்து அந்தக் குடும்பம் தன் நாட்டுக்குத் திரும்பிப் போனது. அடுத்த வருடம்தான் தம்பி பிறந்தார். ஒரே தாய், ஒரே வீடு. அக்காவுக்கு ஒரு மொழி கூடுதலாகக் கிடைத்தது, தம்பிக்குக் கிடைக்கவில்லை. அவருக்குப் புத்தி குறைவா? அச்சகத்தில் எழுத்துப் பிழை பார்க்கிற வேலை, அவருக்கா புத்தி குறைவு? முப்பது வயதில் அக்காவிடமே ஸ்பானிஷ் கற்கப் பார்த்தார். மூன்று தடவை தேர்வு எழுதினார். மூன்று தடவையும் போச்சு. நான் சொல்வது சரிதானே, தம்பி?

அம்மையாருக்கு ரஷ்ய மொழியும் தெரியும். அதை இருபத்திரண்டு வயதில் கல்லூரியில் கற்றார். இரண்டுக்கும் என்னம்மா வித்தியாசம் என்று ஒருமுறை கேட்டேன். "ரஷ்யன்ல நான் வேலை பாக்குறேன். ஸ்பானிஷ்ல எனக்குக் கனவு வருது" என்றார். ஒரே ஆள், ஒரே மூளை. ஒன்று நாலு வயதில் வந்தது, மற்றது இருபத்திரண்டில் வந்தது. நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு இதற்கு மேல் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டுமா?

அதனால்தான் அந்த மாடி அறையில் ஸ்பானிஷுக்கும் ரஷ்யனுக்கும் வகுப்பைத் தொடங்கினார். நாலு வயதிலிருந்து ஏழு வயது வரை மட்டும். எட்டு வயதுப் பிள்ளையைக் கொண்டுபோனாலும், "கொஞ்சம் தாமதமாயிடுச்சு, ஆனாலும் கேட்டுட்டுப் போகட்டும்" என்பார், ஏதோ ரயில் கிளம்பிவிட்டது போல! தாய்மார்கள் பயந்தார்கள். என் மனைவியே போய்ச் சண்டை போட்டாள்.

"முதல்ல நம்ம பேச்சை ஒழுங்காப் பேசட்டும்மா. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதா?"

"உங்க பொண்ணு அப்பாகிட்ட எப்படிப் பேசுறா?"

"செல்லமா, கொஞ்சிக்கிட்டு."

"உங்ககிட்ட?"

"எரிஞ்சு விழுவா."

"கேட்டதெல்லாம் வாங்கித் தர்ற மாமாகிட்ட?"

"அதை ஏன் கேக்குறீங்க! தேன் சொட்டும்."

"மூணு பாஷையும் இதுவரைக்கும் குழம்பலையே?"

மனைவி வீட்டுக்கு வந்து, "நாளையிலிருந்து அனுப்பிடலாம்" என்றாள்.

சபையோரே! இனி நான் சொல்லப்போவது என் வாயால் சொல்லத் தக்கதல்ல. ஆனால் இன்று சொல்லாவிட்டால் எப்போது சொல்வேன்? யாரிடம் சொல்வேன்?

என் மகளை நான் எதற்காக அந்த வகுப்புக்கு அனுப்பினேன்? அறிவு வளரட்டும் என்றா? உலகம் தெரியட்டும் என்றா? இல்லை! உளவு பார்க்க! பெரிய மனுஷி உள்பேச்சைச் சொல்ல மாட்டேன் என்கிறார். என் பெண் சொல்வாள் அல்லவா? ஐந்தரை வயதுக் குழந்தை மேஜையோரம் விளையாடிக்கொண்டிருந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

வகுப்புக்குப் போய் ஒரு வருடம் ஆன பிறகு, ஒருநாள் அவள் கையில் இரண்டு பொத்தான் கொடுத்தேன். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. "அவங்க தங்களுக்குள்ள 'இன்னும் கொஞ்சம் குடுக்கலாம்'னு பேசினா சிவப்பை மேஜை மேல வை. 'எழுந்து போயிடலாம்'னு பேசினா கறுப்பை வை. விளையாட்டு, சரியா பாப்பா?" என்றேன். அவளும் குதூகலமாகத் தலையாட்டினாள்.

அன்று வந்தவர்கள் கணவனும் மனைவியும். தையல் ஆலை நடத்துகிறவர்கள். ஒரு வருடத்துக்கான சிப்பிப் பொத்தான் ஆர்டர். நான் விலை சொன்னேன். அம்மையார் மொழிபெயர்த்தார். அந்தப் பெண்மணி கணவர் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். நான் மகளின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். சிவப்பா? கறுப்பா? கை அசையவே இல்லை. இரண்டு பொத்தானையும் இறுக்கி மூடிக்கொண்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள். மேஜையைச் சுற்றிப் போனாள். அந்தப் பெண்மணியின் முழங்கையைத் தொட்டு, அவர் மொழியில், ஏதோ கேட்டாள்.

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். பிறகு என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். கணவரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். என் மகளும் அழுகிறாள். என் கடை! என் மேஜை! என் பெண்! அங்கே ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் நான்!

"என்னம்மா சொல்றாங்க?" என்று அம்மையாரிடம் கேட்டேன்.

"உங்ககிட்ட சொல்லலைங்க."

"பாப்பா, என்னடா ஆச்சு?"

"அது அவங்க வீட்டு விஷயம்பா" என்றது என் ஐந்தரை வயது!

கடைசியில் அந்தக் கணவரே என்னைப் பார்த்துப் பேசினார். என்னைப் பார்த்துப் பேசியதால் அம்மையார் மொழிபெயர்த்தார், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல்: "எங்க பையனுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன். அவனை விட்டுட்டு சரக்கு வாங்க வந்திருக்கோம். என்ன விலையா இருந்தாலும் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு என் மனைவி சொன்னாங்க. உங்க மகள் அதைக் கேட்டுட்டு வந்து, அவனுக்கு ரொம்ப வலிக்குதான்னு விசாரிச்சா. இப்படிக் கேக்கணும்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"

அம்மையார் அதை என்னிடம் சொல்லும்போது அவர் பார்வை என் முகத்தில் இல்லை. என் மகளின் மூடிய கையில் இருந்தது. விரலிடுக்கில் சிவப்பு தெரிந்தது.

"இல்லை" என்றேன். அன்றைக்கு முழுவதும் நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

ஆர்டர் கிடைத்தது. நல்ல விலைக்கே கிடைத்தது. அந்தப் பையனும் பிழைத்துக்கொண்டான். எனக்குத்தான் அந்தக் காசு செரிக்கவில்லை. மாலை ஆறு மணிக்கு அம்மையார் கடைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அந்த ரெண்டு பொத்தானையும் குடுங்க."

கொடுத்தேன். பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பாப்பாவை வகுப்புக்கு அனுப்புங்க. நிறுத்திடாதீங்க. ஆனா உங்க மேஜைக்கு இனிமே நான் வர மாட்டேன்."

"ஏம்மா, ஒரே ஒரு தடவை, தெரியாம..."

"ஒரு குழந்தைக்கு ஒரு நாட்டு ஜனத்தையே நான் சொந்தமாக்கிக் குடுக்குறேன். நீங்க அந்தக் குழந்தையை அந்த ஜனத்து மேலயே ஏவி விடுறீங்க. இது தெரியாம செய்யிற காரியமா?"

போய்விட்டார். சொன்ன சொல் மாறவில்லை. அப்போது அவருக்கு வருமானத்தில் பெரும்பகுதி என் கடையிலிருந்துதான் வந்தது. அதை விட்டுவிட்டுப் போனார். ஆனால் என் மகளை விடவில்லை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் என் தலைக்கு மேல், மாடியில், என் மகளின் குரலும் அவர் குரலும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நான் வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்தேன். கல்லூரியில் முறையாகப் படித்த இளைஞன். எதிராளியின் உள்பேச்சை எல்லாம் எனக்குச் சொன்னான். ஆஹா, இவனல்லவா ஆள் என்று இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, என் உள்பேச்சை எல்லாம் அவர்களுக்கும் சொல்லியிருக்கிறான்! பாவம், ஒரு பக்கமும் வஞ்சகம் செய்யத் தெரியாத பையன். இரண்டு பெரிய வாடிக்கையாளர்கள் கைவிட்டுப் போனார்கள்.

ஒரு வருடம் எட்டு மாதம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை, கடையைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு மாடிக்கு ஏறினேன். "நானும் படிக்கலாமாம்மா?" என்றேன். அம்மையார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடைசி வரிசையைக் காட்டினார். குழந்தைகள் நாற்காலி. உட்கார்ந்துவிட்டேன். எழுந்தபோது நாற்காலியும் என்னோடு எழுந்தது! அந்த அறையே உருண்டு சிரித்தது. என் மகள் மட்டும் முகத்தை மூடிக்கொண்டாள்.

நாலு வாரம் போனேன். பக்கத்தில் ஐந்து வயதுப் பையன் ஒரே வாக்கியத்தைப் பத்து விதமாகத் தப்பாகச் சொல்கிறான், பதினோராவது தடவை சரியாகச் சொல்லிவிட்டு ஓடுகிறான். நான் ஒரு வாக்கியத்தை வாய்க்குள்ளேயே பத்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் சொல்லாமலே உட்கார்ந்துவிடுகிறேன். "எனக்கு வராதும்மா, நாக்கு தடிச்சுப் போச்சு" என்றேன்.

"நாக்கு நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கு வெட்கம் வந்துடுச்சு. அவங்களுக்கு இன்னும் வரலை. அது வர்றதுக்குள்ள குடுத்துடணும்னுதான் நான் அவசரப்படுறேன்."

சிறு வயதில் ஏன் கற்க வேண்டும் என்று மேடை போட்டு மணிக்கணக்கில் பேசுகிறார்கள். மூளை என்கிறார்கள், நினைவாற்றல் என்கிறார்கள். அதெல்லாம் இருக்கட்டும். அம்மையார் மூன்று வரியில் சொன்னதைவிட அதிகமாக அதில் என்ன இருக்கிறது? நாம் ஒரு மொழியைக் காசு கொடுத்து வாங்கப் பார்க்கிறோம். குழந்தைகள் அதற்குள் குடியேறிவிடுகிறார்கள். வாங்கியவனுக்கு அதில் லாபம் தெரியும். குடியேறியவருக்கு அங்கே அக்கம்பக்கம் தெரியும், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று தெரியும்.

நாலாவது வாரம் நான் கிளம்பும்போது கேட்டார்: "வர்ற திங்கக்கிழமை வெளிநாட்டுக்காரங்க வர்றாங்களாமே உங்க கடைக்கு? எத்தனை மணிக்கு?" அவ்வளவுதான். மன்னிப்பும் கேட்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. திங்கட்கிழமை வந்து நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அதிலிருந்து பதினேழு வருடம்!

அந்தப் பதினேழு வருடத்தில் எத்தனை பேருக்காக ஓடினார்! பாஸ்போர்ட் தொலைத்துவிட்டுக் காவல் நிலையத்தில் நின்ற வெளிநாட்டுப் பயணிக்கு யார் போய்ப் பேசினார்கள்? கப்பலில் கை நசுங்கிய ரஷ்ய மாலுமிக்கு மருத்துவமனையில் யார் பக்கத்தில் நின்றார்கள்? இன்று அந்த மருத்துவமனையிலேயே டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்க்கிறாள் என் மகள். வீட்டுக்கு வந்தால் யாருக்கு என்ன வியாதி என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். நானும் கேட்பதில்லை.

இப்போது அறைக்கு வருகிறேன்.

அம்மையார் இறந்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, தம்பியிடம் அந்த அறையை விலைக்குக் கேட்டுப் போனவன் யார்? கூரியர்காரர்களா? வட்டிக்கடைக்காரரா? இல்லை. நான்! மூன்றே நாள்! கையில் அளவு நாடா வைத்துக்கொண்டு அந்த அறையின் நீள அகலத்தை அளந்தவன் நான். சரக்கு வைக்க இடமில்லை, மாடி கிடைத்தால் சௌகரியம் என்று பல வருடமாக எனக்கு ஒரு கண். இவ்வளவு கற்றுக்கொடுத்தும் நான் வியாபாரிதான், சபையோரே. மறைத்து என்ன பயன்?

தம்பி ஜன்னலோரம் நின்றார். "எடுத்துக்கங்க, எனக்கு இங்க யார் இருக்கா" என்றார். விலையை வாயில் எடுக்கப் போகிறேன், அம்மையாரின் தொலைபேசி அடித்தது. தம்பி எடுத்தார். எடுத்தவர் முகம் மாறியது. மறுமுனையில் ஒரு வயதான பெண்குரல், ஸ்பானிஷ் மொழியில், அழுது அழுது பேசுகிறது. தம்பிக்குப் பெயர் மட்டும் புரிந்தது. மாடி வீட்டுக் குழந்தை! நாலு வயதில் அக்காவோடு முடியைப் பிடித்துச் சண்டை போட்ட அதே குழந்தை! இருவரும் ஐம்பத்தேழு வருடமாகக் கடிதத்திலும் தொலைபேசியிலும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தம்பி என்ன செய்வார்? "ஆமா... ஆமா..." என்று நம் மொழியில் சொல்லிக்கொண்டே இருந்தார். அக்காவுக்காக இப்படி அழுகிற ஒரு ஜீவனுக்கு ஆறுதலாக ஒரு சொல் சொல்ல வரவில்லை. என்னிடம் நீட்டினார். எனக்கு மட்டும் என்ன வரும்? நாலு வாரப் படிப்பு! அறுபதைத் தொடப்போகிற இரண்டு ஆம்பிளைகள் ஒரு தொலைபேசியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அப்போது வாசலில் அந்தச் சிறுமி. அன்றைக்கு என்னிடம் இறங்கி வந்த அதே ஏழு வயதுக்காரி. வகுப்பு கிடையாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் வெள்ளிக்கிழமை நாலு மணி என்று பையை மாட்டிக்கொண்டு வந்து படியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றும் கேட்காமல் தம்பியின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினாள். பேசினாள். கேட்டாள். திரும்பப் பேசினாள். எதற்கோ ஒருமுறை சிரித்தாள். அந்தப் பக்கத்து அழுகை மெல்ல அடங்குவது எங்களுக்கே கேட்டது.

"என்னம்மா சொன்னாங்க?" என்று தம்பி கேட்டார்.

"டீச்சர் கடைசியா என்ன பேசினாங்கன்னு கேட்டாங்க தாத்தா."

"நீ என்ன சொன்னே?"

"'பயப்படாம, இன்னொரு தடவை சத்தமா சொல்லு'ன்னு சொன்னாங்க. முதல்ல பேசுன பையன்கிட்ட. அதைச் சொன்னேன்."

தம்பி அந்தக் குட்டி நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். "அக்கா அந்த பாஷையில எப்படிச் சிரிப்பான்னு எனக்குத் தெரியாது. இந்தப் பொண்ணுக்குத் தெரியுது" என்றார். மூன்று நாளாக அழாத மனிதர் அப்போதுதான் அழுதார். நான் அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன்.

அந்தக் குரல் ஓய்ந்துவிட்டது, சபையோரே. இனி யார் போட்டாலும் அந்த நடு நாற்காலியில் அந்த அம்மையார் உட்காரப் போவதில்லை. என்ன பேசினாலும் அவர் கேட்கப் போவதில்லை. அவருக்கு ஈடு நாம் யாரும் இல்லை. அழுதால் ஈடாகுமா? மாலை போட்டால் ஈடாகுமா? படத்தைத் திறந்து வைத்தால் ஈடாகுமா? அவர் செய்த வேலையை நாம் செய்தால் ஓரளவு ஈடாகலாம். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நேற்று மாலையிலிருந்து நானும் தம்பியும் உட்கார்ந்து பேசினோம். சும்மா கொடுத்துவிடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. நானும் கேட்கவில்லை. மாத வாடகை பன்னிரண்டாயிரம் என்றார், எட்டாயிரம் என்றேன். நடுநடுவே அவர் அக்காவைப் பற்றி ஒன்று சொல்வார், இருவரும் அழுவோம், மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி விலைக்கு வருவோம். இப்படி அழுதுகொண்டே பேரம் பேசியது என் தொழிலில் இதுதான் முதல் தடவை. இன்று காலை பத்தரை மணிக்குச் சங்க அலுவலகத்தில் கையெழுத்தானது. சபையறிய நிபந்தனைகளைச் சொல்கிறேன்.

மாடி அறை வகுப்பறையாகவே இருக்கும். வரும் வாரமே வகுப்பு தொடங்கும். ஸ்பானிஷ் என் மகளும், ரஷ்யன் அவளோடு படித்த கப்பல் அலுவலகத்துப் பையனும் நடத்துவார்கள். நாலு வயது நிறைந்து ஏழு வயது தாண்டாத எந்தக் குழந்தையும் வரலாம், முதலாளி வீட்டுப் பிள்ளையோ, மூட்டை தூக்குகிறவர் வீட்டுப் பிள்ளையோ. யாரிடமும் கட்டணம் இல்லை. எந்தக் குழந்தையையும் எந்த வியாபாரி மேஜையிலும் உட்கார வைக்கக் கூடாது. வைத்தவர் அன்றே சங்கத்தை விட்டு வெளியே. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மையாரின் அந்த மாடி வீட்டுத் தோழி தொலைபேசியில் வருவார், பிள்ளைகள் பேசுவார்கள். என்ன பேசினாய் என்று எந்தப் பெரியவரும் கேட்கக் கூடாது. இதைத் தம்பிதான் தன் கையால் எழுதிச் சேர்த்தார். கூரை ஒழுகினால் தம்பி பொறுப்பு, மின்கட்டணம் நம் பொறுப்பு. வாடகையில் பாதி சங்கம், பாதி நான். காலம் பன்னிரண்டு வருடம். வாடகை மாதம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு.